கோடை முகாம்: பெற்றோருக்குத் தகவல் அனுப்ப எந்த வழி நல்லது?

வணக்கம். மே மாதம் ஏற்காட்டில் 10 நாள் தங்கும் முகாம், 60 பிள்ளைகள். வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பப் போகிறோம். முகாம் நடத்தியவர்கள் வழி சொல்லுங்கள்.

பிராட்காஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பட்டியல்) 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைச் சேமிக்காத பெற்றோருக்குச் செய்தி போய்ச் சேராது. சாதாரண குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டினால் "பொண்ணு சாப்பிட்டாளா?" என்ற கேள்விகள் குவியாது, ஆனால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். கம்யூனிட்டியின் (பல குழுக்களைச் சேர்த்து வைக்கும் வசதி) அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண்கள் மறைந்திருக்கும். இதுவரை அதுதான் சரியாகப் படுகிறது. சேனலில் லிங்க் கிடைத்த யாரும் நுழையலாம், பிள்ளைகள் படத்துக்கு அது ஆகவே ஆகாது.

காய்ச்சல், அடி என்றால் நேரே போன்தான், குழுவில் போடமாட்டோம்.

சிக்கல் படங்களில்தான். லொகேஷன் ஆன் செய்து எடுத்த படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்த இடமும் சேர்ந்து போய்விடும், அதனால் போட்டோவாகவே அனுப்பச் சொல்லியிருக்கிறோம். 40 படம் போட்டாலும் தங்கள் பிள்ளை எதிலும் இல்லையென்றால் பெற்றோர் பதறுவார்கள். பெயர்ப்பட்டியல் வைத்து டிக் செய்து எடுப்பதா, அறைவாரியாக ஒரே குழுப்படமா? பட அனுமதி தராத பிள்ளைகளை, அவர்கள் மனம் நோகாமல், எப்படி விலக்கி எடுக்கிறீர்கள்? இரவு 8 மணிக்கு ஒரே பதிவு போதுமா?