பால் சொசைட்டி டெஸ்டர் வேலை: ஆறு வருடம் ஆச்சு, பிடிப்பு வர என்ன செய்வது?

காலைப்பால் எழுதியது:

வணக்கம். கோபி பக்கம் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில் டெஸ்டராக இருக்கிறேன். காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் ஏழரை வரை, மறுபடி மதியம் மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை. 110 பேர் பால் ஊற்றுகிறார்கள். பொங்கல் அன்றும் மாடு கறக்கும், அதனால் பொங்கல் அன்றும் நான் மெஷின் முன்னால்தான்.

சாம்பிள் எடுக்க வேண்டும், மெஷினில் வைக்க வேண்டும், ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு நீங்கலான மற்ற திடச்சத்து) வரும், அதை வைத்துத்தான் பாலுக்குக் காசு; சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த ஆள். ஒரு நாளைக்கு 200 தடவைக்கு மேல். சம்பளம் குறைவு என்பது தெரிந்துதான் சேர்ந்தேன், அது என் கேள்வி இல்லை. சீட்டைப் பார்த்ததும் எதிரில் நிற்பவர் முகம் வாடுகிறதே, அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் ஒரு பாட்டி கேட்டார்: "நேத்து நாலு புள்ளி ஒண்ணு போட்ட, இன்னைக்கு மூணு புள்ளி நாலு போடற. ராவோட ராவா என் மாடு மாறிப்போச்சா சாமி?" எனக்குப் பதில் தெரியவில்லை. மெஷின் அப்படித்தான் காட்டுகிறது என்றேன். அன்று முழுக்க மனசு சரியில்லை.

வேலையை விடும் எண்ணம் இல்லை. ஊரும் மாடும் எனக்குப் பிடிக்கும். இந்த வேலையை ஈடுபாட்டோடு செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

தெற்குத்தெரு:

தம்பி, வயது இருந்தால் குரூப் 4 எழுதிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருக்கலாம்.

பழைய டெஸ்டர்:

தம்பி, நான் 31 வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் பாட்டியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நான் சேர்ந்தபோது மெஷின் கிடையாது, கெர்பர் முறைதான். கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் மூடி போட்டுக் குலுக்கினால் குழாய் கையைச் சுடும், பால் கறுத்துப்போகும். அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றி எடுத்தால், குழாயின் கழுத்தில் நல்லெண்ணெய் மாதிரி ஒரு மஞ்சள் துண்டு தெளிந்து நிற்கும். அதுதான் ஃபேட். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் படிப்போம். அந்த மஞ்சளைப் பார்த்தவனுக்கு 3.4 என்பது வெறும் எண்ணாகத் தெரியாது. உங்களுக்கு அது சீட்டில் அச்சாகி வருவதால் மாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

பாட்டியின் மாடு மாறவில்லை, கறவை மாறியிருக்கும். முதலில் பீச்சும் பாலில் ஃபேட் குறைவு, மடி வற்றும்போது வருகிற கடைசிப் பாலில்தான் அதிகம். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டால் அன்றைக்கு ஃபேட் இறங்கும். இரண்டு கறவைக்கும் நடுவில் நேரம் கூடினாலும் பால் கூடும், ஃபேட் குறையும். சாயங்காலப் பாலில் பலருக்கு ஃபேட் கொஞ்சம் கூடி வருவதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுதான். மழைக்குப் பிறகு இளம்பசும்புல்லை மட்டும் தின்றாலும் குறையும். நார்த் தீவனம் வேண்டும், வைக்கோலோ சோளத்தட்டோ.

அதற்கு முன் உங்கள் கையைச் சரிபாருங்கள். கேன் கொஞ்ச நேரம் நின்றாலே ஆடை மேலே ஏறும். கலக்காமல் மேலாக மொண்டால் ஃபேட் கூடக் காட்டும். நுரையோடு வைத்தால் மீயொலி மெஷின் தப்பாகப் படிக்கும். இது ஏழைகளின் காசு. 0.2 பிசகினாலும் ஒரு வீட்டில் புண்ணாக்கு குறையும்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு அம்மாவுக்கு மூன்று நாளாக எஸ்.என்.எஃப். 8.4, 8.2, 7.9 என்று இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று அவர் காதுபடவே பேசினார்கள். தண்ணீர் என்றால் ஃபேட்டும் கூடவே இறங்க வேண்டும், அது அசையவில்லை. நாளைக்கு ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள் அம்மா என்றேன். மறுநாள் அந்தத் துணியையே மடித்துக் கொண்டுவந்தார். ஒரு காம்பின் பாலில் மட்டும் திரிதிரியாக வெள்ளைக் கட்டி. மடிநோய். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார், காம்பு பிழைத்தது. அவர் மேல் இருந்த பழியும் போனது. அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம், வாரம் ஒரு எண், ஓரத்தில் ஒரு குறிப்பு: "கன்று போட்டது", "தீவனம் மாற்றியது", "மகன் கறந்தான்". ஓய்வு பெற்றபோது பதினான்கு நோட்டு இருந்தது.

செவலை:

நான் டெஸ்டர் இல்லை, பால் ஊற்றுகிறவள். மாடு இரண்டு. எங்கள் ஊர் டெஸ்டர் சீட்டு கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுவார். "அக்கா, ஃபேட் 3.3-க்கு வந்துருச்சு, வைக்கோல் போடறதை நிறுத்திட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். நிறுத்தித்தான் இருந்தேன். மறுபடி போட ஆரம்பித்ததும் பத்து நாளில் 3.8 வந்தது. அவர் லீவில் போய் வேறு ஆள் உட்கார்ந்தால் எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி. உங்கள் சீட்டை நாங்கள் வீட்டுக்குப் போய் இரண்டு தடவை படிக்கிறோம் தம்பி, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

காலைப்பால்:

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. இன்று காலை பாட்டியிடம் கேட்டேன். 3.4 வந்த அன்று பேரன் கறந்தானாம், பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது என்று பாதியிலேயே கன்றை அவிழ்த்து விட்டிருக்கிறான். ஆனால் முந்தின நாள் வந்த 4.1 மேலும் எனக்குச் சந்தேகம். நான் கலக்காமல் மொண்டிருக்கலாம், அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். இன்று நன்றாகக் கலக்கி, நுரை அடங்கவிட்டு வைத்தேன். 3.7. பாட்டி சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, "இனிமே நானே கறக்கறேன்" என்று போனார்.

நோட்டு வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: மூன்று நான்கு மாடு வைத்திருப்பவர்கள் பாலை ஒன்றாகக் கலந்துதான் கொண்டுவருகிறார்கள். எந்த மாடு என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பழைய டெஸ்டர்:

கூட்டம் குறைவான ஒரு சாயங்காலம், மாட்டுக்கு ஒரு டம்ளர் தனித்தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். டம்ளரில் மாட்டின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.