நிக்டிபிடே குடும்பப் பறவைகளுக்குக் கலைச்சொல்: ‘மரக்குற்றியான்’

அன்புடையீர், வணக்கம்.

மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையுள்ள வெப்பமண்டலக் காடுகளில் வாழும் நிக்டிபிடே குடும்பத்து இராப்பறவைகளுக்குப் ‘பெரும்பக்கி’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. நாம் பக்கி (nightjar) என்றழைக்கும் பறவை தரையில் முட்டையிடும். இருட்டிய பின் மண்சாலையில் அமர்ந்திருந்து, வண்டி விளக்குப் பட்டதும் கண் மின்ன எழுந்து பறக்கும். அதன் நடுவிரல் நகத்தில் சீப்புப் பற்களைப் போன்ற வெட்டுகள் இருக்கும். நிக்டிபிடே பறவைகளுக்கு அந்த நகம் இல்லை. அவை மரத்தை விட்டுத் தரைக்கு வருவதும் அரிது. மரபணு ஆய்வுகள் பலவும் அவற்றைத் தென் அமெரிக்கக் குகைகளில் வாழும் எண்ணெய்ப்பறவைக்கே (oilbird) நெருங்கிய உறவாகக் காட்டுவதால், ‘பக்கி’ என்பது இல்லாத உறவைச் சொல்லிவிடும்.

ஜமைக்காவில் பிறந்து, இப்பறவைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பொட்டூ’ (potoo) என்ற பெயரை ஒலிபெயர்த்தால், எழுத்தில் அது நெற்றிப் பொட்டோடு குழம்பும். பிரேசில் மக்கள் வழங்கும் ‘நிலவின் தாய்’ என்ற பெயர் அழகானது. ஆனால் அதைக் குடும்பப் பெயராக்க முடியாது. சாம்பல்நிற இனம் படிப்படியாகத் தாழும் சோகமான சீழ்க்கை எழுப்ப, பெரிய இனமோ கரகரத்து உறுமுகிறது. குரலை வைத்து ஏழு இனங்களுக்கும் பொதுப்பெயர் காண வழியில்லை.

எல்லா இனங்களுக்கும் பொதுவானது பகலில் அவை அமரும் முறைதான். முறிந்த கொம்பின் நுனியில் நிமிர்ந்து அமர்ந்து, ஆள் அரவம் கேட்டால் அலகை மெல்ல மேலே தூக்கி, கண்ணை மூடி, அந்தக் கொம்பின் மிச்சமாகவே மாறிவிடுகின்றன. மேலிமையில் உள்ள சிறு வெட்டுகளின் வழியே, மூடிய கண்ணாலும் அசைவை அறிகின்றன. கூடு கட்டாமல், கொம்பில் உள்ள சிறு குழியில் ஒரே முட்டையிட்டு, அதன்மேலும் இவ்வாறே நிமிர்ந்து அமர்கின்றன. வளர்ந்த குஞ்சும் இதையே செய்கிறது.

ஆகவே ‘மரக்குற்றியான்’ என்பதை முன்வைக்கிறேன். குற்றி என்பது மரத்தின் அடிக்கட்டையையும் தரையில் அடிக்கும் முளையையும் குறிக்கும் பழஞ்சொல். ஈற்றில் உள்ள ‘ஆன்’ உள்ளான், கரிச்சான் ஆகிய பறவைப் பெயர்களில் நமக்குப் பழகியது. இலங்கை வழக்கில் மரக்குற்றி அறுத்த மரத்துண்டையும் குறிக்கும் என்பது உண்மையே. இப்பறவையின் தோற்றத்துக்கு அப்பொருளும் முரணாகாது. அடைமொழி சேர்ப்பதும் எளிது. அறிவியல் பெயர்களின்படி சொன்னால், கிரிசியஸ் இனம் சாம்பல் மரக்குற்றியான், கிராண்டிஸ் பெரிய மரக்குற்றியான், லூகாப்டெரஸ் வெண்சிறகு மரக்குற்றியான்.

இதில் ‘குற்றி’ வேண்டாம், ‘கட்டை’ போதும் என்போர் காரணத்துடன் எழுத வேண்டுகிறேன்.