ஹோயா மொட்டு எல்லாம் உதிர்கிறது, அவசரம், யாராவது சொல்லுங்கள்

மாடிக்கொடி
வணக்கம். நான்கு வருடமாக வளர்க்கும் ஹோயா பூங்கொடியில் இப்போதுதான் முதன்முதலாக மொட்டு வந்தது. மூன்று கொத்து. மிளகு அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. ஒரு கொத்து முழுக்கக் காலி, மற்ற இரண்டிலும் பாதி போய்விட்டது. தண்ணீர் சரியாகத்தான் ஊற்றுகிறேன், வெளிச்சமும் இருக்கிறது. என்ன உரம் போட வேண்டும்? மீதி மொட்டையாவது காப்பாற்றணும்.

வேர்முடிச்சு
எந்த ஹோயா? "சரியாக" என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? தொட்டி எவ்வளவு பெரியது, என்ன மண் கலவை? மொட்டு வந்த பிறகு செடியை இடம் மாற்றினீர்களா?

சாம்பல்சத்து
தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலைதான் வரும், மொட்டு நிற்காது. சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்தைப் பாதி அளவில் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். என் எல்லாச் செடிக்கும் இதுதான்.

வேர்முடிச்சு
செடி தாகமாக இருக்கிறதா என்று தெரியாமல் உரம் ஊற்றச் சொல்லாதீர்கள். காய்ந்த வேரில் உரம் விழுந்தால் வேர் கருகும்.

பழையவேர்
இந்தக் கேள்விக்கு நான் பலமுறை விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படித்திருக்கலாம். ஹோயாவில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. "என் ஹோயா" என்று மட்டும் எழுதினால் யாரால் உதவ முடியும்? 1810-இல் ராபர்ட் பிரவுன் இந்தப் பேரினத்துக்கு தாமஸ் ஹோய் என்ற தோட்டக்காரரின் பெயரை வைத்தார். ஒரு தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய செடியை வளர்ப்பவர், அதன் இனப்பெயரையாவது ஒரு அட்டையில் எழுதித் தொட்டியில் செருகி வைக்கலாமே.

மாடிக்கொடி
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கார்னோசா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தடித்த பச்சை இலை. சனிக்கிழமைதோறும் ஒரு குவளை தண்ணீர். அப்புறம் இலைக்கு அடியில் பிசுபிசுப்பாக இருக்கிறது, எறும்பும் வருகிறது. அது இதற்குச் சம்பந்தமா?

தேன்துளி
பிசுபிசுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹோயா பூவில் தேன் சொட்டும், அதற்குத்தான் எறும்பு வரும். எங்கள் வீட்டில் தரையெல்லாம் ஒட்டும்.

எருக்கிலை
அவர் செடியில் ஒரு பூகூட மலரவில்லையே, தேன் எங்கிருந்து சொட்டும்? சாறு உறிஞ்சும் பூச்சி இருந்தாலும் இப்படிப் பிசுபிசுக்கும், எறும்பு வரும். முதலில் பூச்சியைத் தேடுங்கள். இலை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. மொட்டிலும் இளந்தளிரிலும் மஞ்சளாக மொய்த்தால் அசுவினி. எருக்கில் வருகிறதே, அதே மஞ்சள் அசுவினி ஹோயாவுக்கும் வரும். இரண்டும் ஒரே குடும்பம்தான், கிள்ளினால் இரண்டிலும் பால் வடியும்.

தேன்துளி
எருக்கும் ஹோயாவும் ஒரே குடும்பமா? நம்ப முடியவில்லை.

எருக்கிலை
பூவைக் கிட்ட வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஐந்து இதழ், நடுவில் அந்த மகுடம். மகரந்தம் தூளாக உதிராமல் சின்னப் பொட்டலமாகப் பூச்சியின் காலில் ஒட்டிக்கொண்டு போகும். பார்க்கப் பார்க்க அலுக்காது.

பச்சைக்கத்தரி
காலியான கொத்தைக் காம்போடு வெட்டி எடுத்துவிடுங்கள். சக்தி வீணாகாது, செடி புதுத் தளிர் விடும்.

வேர்முடிச்சு
வெட்டாதீர்கள்! ரோஜாவுக்குச் சொல்வதை இதற்குச் சொல்லக் கூடாது. கார்னோசா அதே பூக்காம்பின் நுனியில்தான் வருடாவருடம் மறுபடி மொட்டு வைக்கும். மொட்டு உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் காம்பு பச்சையாக இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. இலையே இல்லாமல் நீளமாக ஓடும் கொடியையும் வெட்ட வேண்டாம், இலை பிறகு வரும்.

பச்சைக்கத்தரி
நான் பல வருடமாக வெட்டுகிறேன், என் செடி பூக்கத்தான் செய்கிறது.

வேர்முடிச்சு
புதுக் காம்பு விட்டுப் பூக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காம்பை உருவாக்க அது மறுபடி உழைக்க வேண்டும். நான்கு வருடம் காத்திருந்தவரை இன்னும் ஏன் காக்க வைக்க வேண்டும்?

இதயஇலை
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இதய வடிவ ஒற்றை இலை ஹோயா கெர்ரி இருக்கிறது. இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது. எப்போது கொடி விடும்?

பழையவேர்
கணு இல்லாத இலையாக இருந்தால் வேர் மட்டும் விடும், கொடி வராது. பல வருடம் அப்படியே பச்சையாக நிற்கும். வேறு சந்தேகம் என்றால் தனி இழை திறங்கள். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

மாடிக்கொடி
ஐயோ, இதைப் படிப்பதற்கு முன்பே காலியான கொத்தை வெட்டிவிட்டேன். மற்ற இரண்டும் இருக்கின்றன. இடம் மாற்றினீர்களா என்று கேட்டீர்களே, ஆமாம். மொட்டைப் பார்த்த சந்தோஷத்தில், எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று பால்கனியிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கே ஏசி ஓடும். இது பத்து நாளுக்கு முன்பு.

வேர்முடிச்சு
இதுதான் நான் முதலில் கேட்டது. மொட்டு வைத்த ஹோயாவுக்கு வெளிச்சம் குறைவதும் காற்று உலர்வதும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் மொட்டைத்தான் கைவிடும். இப்போது ஒரு முற்றிய இலையை மெதுவாக வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் தண்ணீர் போதும். துணி மாதிரி மடிந்தால் தாகம். தொட்டியையும் தூக்கிப் பாருங்கள்.

மாடிக்கொடி
மடிகிறது. தொட்டி காற்று மாதிரி லேசாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் உடனே கீழே வந்துவிடுகிறது, அதனால் போதும் என்று நினைத்தேன்.

வேர்முடிச்சு
கலவை காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீர் ஓரமாகவே வழிந்து போய்விடும், நடுவேர் நனையாது. ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, தொட்டியை அரை மணி நேரம் அதில் வையுங்கள். பிறகு நன்றாக வடிய விடுங்கள். மொட்டு இருக்கும்வரை முழுக்கக் காய விட வேண்டாம். பெரிய தொட்டிக்கு மாற்றவும் வேண்டாம், வேர் நெருக்கமாக இருப்பதே இதற்குப் பிடிக்கும்.

எருக்கிலை
பூச்சியையும் பாருங்கள். இருந்தால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள், வெயில் படாத நேரத்தில். ஒரு வாரம் விட்டு மறுபடி.

தேன்துளி
மறுபடி பால்கனிக்கு மாற்றினால் அதுவும் அதிர்ச்சிதானே? இருக்கிற இடத்திலேயே விடலாம் என்று தோன்றுகிறது.

வேர்முடிச்சு
அந்த இருட்டில் விட்டால் மிச்சமும் போகும். பழைய இடத்தில், பழைய பக்கமே வெளிச்சத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அதன்பின் திருப்பாதீர்கள்.

சாம்பல்சத்து
தண்ணீர் சரியானதும் சாம்பல் சத்தை மறக்க வேண்டாம்.

மாடிக்கொடி
ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மாவுப்பூச்சி இரண்டு கணுவில் இருந்தது, துடைத்தேன், இப்போது இல்லை. பழைய இடத்துக்கே போய்விட்டது. அன்று இருந்த மொட்டு ஒன்றுகூடத் தங்கவில்லை. ஆனால் வெட்டாமல் விட்ட காம்பு ஒன்றின் நுனியில் கடுகு அளவில் புது மொட்டுகள், எண்ணினேன், பதினாறு. எல்லோருக்கும் நன்றி.

இதயஇலை
வெட்டிய காம்பின் பக்கத்தில் ஏதாவது வந்ததா?