காற்றில் மரம் பிளந்துவிட்டது, என்ன செய்யலாம்? அவசரம்

கொல்லைமேடு | ஞாயிறு காலை 6.50
நேற்று சாயங்காலம் அடித்த காற்றில் கொல்லையில் இருக்கிற மரம் பிளந்து பாதி தொங்குகிறது. இன்னொன்று சாய்ந்துவிட்டது. மரம் வெட்டுகிறவர் வந்து, ஐயாயிரம் கொடுத்தால் இரண்டையும் அடியோடு எடுத்துவிடுகிறேன் என்கிறார். பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கு மனசே இல்லை. பூச்சி மருந்து அடிக்காமல், பறவை, அணிலுக்கென்று விட்டு வைத்திருக்கிற இடம். சீக்கிரம் சொல்லுங்கள்.

பெங்களூரா தோப்பு | 7.05
என்ன மரம்? எவ்வளவு பெரிது? எந்த ஊர்? பிளவில் மரத்தூள் உதிர்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் தண்டைக் குடைகிற புழு, தண்டுத் துளைப்பான்தான். காற்று சும்மா பேருக்கு. எங்கள் தோப்பில் போன வருடம் மூன்று மா அப்படித்தான் போனது.

விறகுக்கடை | 7.12
வேம்பா, புளியா? கட்டையைக் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள். வண்டி அனுப்புகிறேன்.

நெட்டிலிங்கம் | 7.31
சித்திரை பிறந்தால் இந்தக் கேள்வியும் கூடவே பிறந்துவிடுகிறது. இங்கே இருக்கிற பழைய கேள்வி பதில் இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி மாத்திரை கேட்பீர்களா தம்பி? படம் போடவும். இல்லையென்றால் மரத்தின் பெயரையாவது போடவும்.

ரிடையர்டு லைன்மேன் | 7.40
மற்றதெல்லாம் அப்புறம். கரண்ட் கம்பி பக்கத்தில் போகிறதா? பச்சை வாது (கிளை) கம்பியைத் தொட்டால் கரண்ட் மரத்தில் இறங்கும், ஈரத் தரையிலும் பரவும். கிட்டவே போகாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் அரிவாளைத் தொட வேண்டும். காய்ந்த குச்சியால் தள்ளிப் பார்க்கிறேன் என்று போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொல்லைமேடு | 8.10
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டினம் பக்கம். வேம்பு. மாமனார் வைத்த மரம், கட்டிப்பிடித்தால் கை எட்டாது. ஆள் உயரத்துக்கு மேலே கவையாகப் பிரியும். அந்தக் கவைதான் பிளந்தது. ஒரு பாதி கீழே சரிந்து நுனி தரையில் ஊன்றி நிற்கிறது. மறு பாதி நேராகத்தான் இருக்கிறது. கம்பி எதுவும் இல்லை, வீடு அறுபது அடி தள்ளி. சாய்ந்தது நாலு வருட நாவல். நேராக நிற்கிற பாதியில் ஒரு பொந்து, அதில் ஆந்தை இருக்கிறது.
நான் தம்பி இல்லை, மூன்று பிள்ளைக்குத் தாய்.

இரவுப்பறவை | 8.14
ஆந்தையைக் கடைசி வரியில் சொல்கிறீர்களே அக்கா! உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் பழுப்பில் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கண், பகலிலேயே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுமா? அப்படியென்றால் புள்ளி ஆந்தை. இந்த மாதம் பொந்தில் குஞ்சு இருக்கவே வாய்ப்பு அதிகம். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் தூரமாக உட்கார்ந்து பாருங்கள். பெரியது வாயில் எதையாவது கவ்விக்கொண்டு திரும்பத் திரும்பப் பொந்துக்கு வந்தால் குஞ்சு உண்டு என்று அர்த்தம். ஏணி வைத்து எட்டிப் பார்க்க வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டைக் கலைப்பதும் குற்றம்தான். வெட்டுகிறவரிடம் அதைச் சொல்லுங்கள், பத்து மணி கணக்கெல்லாம் தானாக அடங்கும்.

பெங்களூரா தோப்பு | 8.22
தூள் உதிர்கிறதா என்று கேட்டேனே.

நெட்டிலிங்கம் | 8.55
அம்மா, முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சம். சரி.
துளைப்பான் எல்லாம் இல்லை. இரண்டு தண்டும் சம பருமனில், ஒடுங்கிய கவையாக வளர்ந்தால் நடுவில் பட்டை உள்ளே மாட்டிக்கொள்ளும். அங்கே மரத்தோடு மரம் ஒட்டாது. வருடா வருடம் இரண்டும் பருத்து ஒன்றையொன்று தள்ளும், பெரிய காற்று வந்தால் வாய் பிளக்கும். பிளவுக்குள் கறுத்த பட்டை தெரிகிறதா பாருங்கள்.
தொங்குகிற பாதியை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அது வில் மாதிரி வளைந்து நிற்கிறது. ஒரு பக்கம் இழுவையில் (நார் இழுபட்டு) இருக்கும், எதிர்ப்பக்கம் நெருக்கத்தில் (நார் அழுந்தி) இருக்கும். நெருங்கிய பக்கம் அறுத்தால் ரம்பம் கடித்துக்கொள்ளும். இழுவைப் பக்கம் ஒரேயடியாக அறுத்தால் கட்டை எகிறி அடிக்கும், ஆள் போய்விடுவான். அதனால் முதலில் நுனியிலிருந்து மிளாரை, அதாவது சிறு கிளைகளை, கழித்து, எடையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அப்புறம் கவையிலிருந்து ஒரு முழம் தள்ளி, இழுவை இல்லாத பக்கம் கால்வாசி, பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக. மிச்ச முழத்தைக் கடைசியில் தனியாக, பிளவின் சிம்பு நீட்டிக்கொண்டு நிற்காமல் எடுக்கலாம். மற்ற வாதுகளை எடுப்பதானால் அடியில் மோதிரம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், அதைத் தொடாமல் அதற்கு வெளியே அறுக்கவும். தண்டோடு ஒட்டச் சீவுகிறார்கள் நம் ஆட்கள், பார்க்க அழகாக இருக்கும், மரம் உள்ளே அழுகும்.
நிற்கிற பாதி இப்போது ஒற்றைப் பக்கம் பாரம். உச்சியில் கொஞ்சம் குறைக்கலாம், அதுவும் குஞ்சு பறந்த பிறகு.

அரூர் அக்கா | 9.20
வெட்டின இடத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பிவிடுங்கள் கண்ணு. எங்கள் மாமியார் காலத்திலிருந்து அதுதான்.
2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அப்போது எங்கள் பக்கமும் விடாத மழை. மண் கூழாகி மரமெல்லாம் வேரோடு படுத்துவிட்டது. கோடைக் காற்று அப்படியில்லை, தரை கெட்டியாக இருக்கும், மேலே முறிக்கும். அதனால் நிற்கிற மரத்தின் வேர் நன்றாகவே இருக்கும், பயப்படாதே.

நெட்டிலிங்கம் | 9.34
சாணி வேண்டாம், தாரும் வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இதுதான்: மரத்துக்குப் புண் ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி அதுவே சுவர் எழுப்பி மூடிக்கொள்கிறது. மேலே எதைப் பூசினாலும் அழுகல் நிற்பதில்லை. 1970களிலேயே சொல்லியாகிவிட்டது.

பெங்களூரா தோப்பு | 9.41
அமெரிக்காவில் மா இருக்கிறதா சார்? மாவில் பெரிய வெட்டு விழுந்தால் பூஞ்சையைத் தடுக்கப் பூசுகிற போர்டோ பசைதான். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். தனித்தனியாகக் கரைத்துக் கலக்க வேண்டும், இரும்புச் சட்டி கூடாது. இருபது வருடமாகப் பூசுகிறேன், என் மரம் நிற்கிறது.

நெட்டிலிங்கம் | 9.44
பூசாமல் விட்டிருந்தாலும் நின்றிருக்கும். பூசாத மரம் ஒன்றை வைத்து ஒப்பிட்டீர்களா? இல்லை அல்லவா.

பெங்களூரா தோப்பு | 9.47
உங்களுக்கு எத்தனை ஏக்கர் சார்?

அரூர் அக்கா | 9.50
சண்டை போடாதீர்கள். சாணி காசு கேட்பதில்லை.

இரவுப்பறவை | 9.58
அவர் மருந்தே அடிக்காத இடம் என்கிறார், நீங்கள் குஞ்சு இருக்கிற பொந்துக்குப் பக்கத்தில் துத்தம் பூசச் சொல்கிறீர்கள். அப்படியே விடுங்கள். வேம்பு வெட்டிய இடத்தில் துளிர்க்கிற ஜாதி.

விறகுக்கடை | 10.03
பெரிய பாதி மூன்று டன் தேறுமா?

கொல்லைமேடு | 10.15
ஆளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். பிளவுக்குள் கறுத்த பட்டை இருக்கிறது, தூள் இல்லை. நாவலை யாருமே சொல்லவில்லையே? அப்புறம் மாமியார் ஆந்தை வீட்டுக்கு ஆகாது, மரத்தோடு போகட்டும் என்கிறார். வெட்டின கட்டையைக் கொல்லையிலேயே போட்டால் பாம்பு வரும் என்றும்.

ரிடையர்டு லைன்மேன் | 10.30
நாவல் பிழைக்கும், ஆனால் இன்றைக்கே செய்யுங்கள். வெளியே வந்த வேரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள், வெயில் பட்டால் போச்சு. நைந்த வேரைச் சுத்தமாக நறுக்கி, வேர் இருந்த பக்கம் குழியை அகலமாக்கி, இரண்டு பேர் மெதுவாகத் தூக்குங்கள். மூன்று பக்கமும் முளை அடித்துக் கயிறு. மரத்தைச் சுற்றுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூப் போடுங்கள், வெறும் கம்பி பட்டையை அறுத்துவிடும். விறைப்பாகக் கட்ட வேண்டாம், லேசாக ஆடினால்தான் தண்டு பலம் பிடிக்கும். ஒரு வருடம் கழித்து அவிழ்க்க மறக்காதீர்கள். கம்பம் நிறுத்துகிற வேலைதான், கம்பத்துக்கு வேர் கிடையாது, அவ்வளவுதான்.

இரவுப்பறவை | 10.52
மாமியாரிடம் அது எலி பிடிக்கிறது என்று சொல்லுங்கள். பாம்பு விஷயத்தில் அவர் சொல்வது முழுக்கத் தப்பில்லை. கட்டைக் குவியலுக்கு அரணை, ஓணான், தவளை வரும், பின்னாலேயே பாம்பும் வரும். நம் வறட்சிக் காட்டில் சுருட்டை விரியனும் உண்டு. குவியலை வீட்டை விட்டுத் தள்ளி, நடைபாதை இல்லாத மூலையில், நிழலில் போடுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் வேண்டாம், வெறுங்கையால் கட்டையைப் புரட்டவும் வேண்டாம். மட்கிய கட்டையில் வண்டுப் புழு வரும், அதைத் தேடி மரங்கொத்தி வரும்.

பெங்களூரா தோப்பு | 11.05
கொம்பேறி மூக்கனும் வரும். கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாம், எங்கள் ஊரில்.

இரவுப்பறவை | 11.08
அதற்கு விஷமே கிடையாது அண்ணா.

அரூர் அக்கா | 11.20
ஆந்தை வேறு, கூகை வேறு. அலறினால் ஆகாது என்பார்களே, அது கூகைக்குத்தான் சொன்னது.

நெட்டிலிங்கம் | 11.26
இரண்டுக்கும் அது பொருந்தாது. இழை திசை மாறுகிறது.

இரவுப்பறவை | செவ்வாய் இரவு 9.10
அக்கா, என்ன ஆயிற்று?

பெங்களூரா தோப்பு | புதன் காலை 7.30
போய்விட்டார்கள். கேட்கும்போது இருக்கிற அவசரம் சொல்லும்போது இருக்காது.

கொல்லைமேடு | வெள்ளி மதியம் 1.15
தொங்கின பாதியை எடுத்தாயிற்று. நுனியிலிருந்து கழிக்கச் சொன்னதற்கு அந்த ஆள் கூடக் கூலி கேட்டார், கொடுத்தேன். ஒன்றும் பூசவில்லை. (மாமியார் மஞ்சள் தண்ணீர் தெளித்தார், அது கணக்கில் வராதென்று நினைக்கிறேன்.) நாவல் நிற்கிறது, இலை வாடித்தான் இருக்கிறது. ஆந்தையை இரண்டு நாளாகக் காணோம். நேற்று ராத்திரி ஏதோ கத்தியது, எங்கள் மரத்திலா பக்கத்துக் கொல்லையிலா தெரியவில்லை. எல்லாருக்கும் நன்றி.

விறகுக்கடை | 1.21
கட்டை இன்னும் இருக்கிறதா?