12 நாள் பிள்ளை புட்டிக்குப் பழகிவிட்டான், இனிமேல் தாய்ப்பாலுக்கு மாற்ற முடியுமா?

சுவாசூகாங் புது அம்மா:

அக்காமாரே, வணக்கம். என் பையன் பிறந்து இன்றோடு 12 நாள். கர்ப்பத்தில் எனக்குச் சர்க்கரை இருந்தது, கடைசி மாதம் இன்சுலின் போட்டேன், 38ஆவது வாரத்தில் சிசேரியன். பிறந்த கொஞ்ச நேரத்தில் அவன் குதிகாலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை குறைவு என்று பால்மாவு கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் சர்க்கரை சரியான பிறகும் மூன்று நாளும் "அம்மா ஓய்வெடுக்கட்டும்" என்று புட்டியையே நீட்டினார்கள். ஒரு தாதி ஒரே ஒரு முறை பிள்ளையை என் மார்பில் வைத்துப் பார்த்தார், அவன் வீறிட்டான், "வீட்டுக்குப் போய்ப் பழக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது ஒரு வேளைக்கு 60 மில்லி, ஒரு நாளைக்கு எட்டு வேளை குடிக்கிறான். மார்பில் வைத்தால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுகிறான். பம்ப் வைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 20 மில்லிதான். தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருக்கும் மாமியார் அந்தப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உனக்குப் பால் ஊறலைம்மா, பிள்ளையைப் பட்டினி போடாதே" என்கிறார். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், தேக்கா சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்து புட்டு வைப்பதும் அவர்தான். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. காலம் கடந்துவிட்டதா? பால்மாவை இன்றே நிறுத்தினால் பசியில் அவனாகவே மார்புக்கு வந்துவிடுவானா?

ஈசூன் மூன்று பிள்ளைக்காரி:

தங்கச்சி, பால்மாவை இன்றே நிறுத்தாதே, தண்ணீர் கூட்டிக் கலக்கவும் செய்யாதே. பசியில் வருவான் என்று நினைப்பது தப்புக் கணக்கு, பட்டினி கிடக்கிற பிள்ளை சோர்ந்து தூங்கும், உறிஞ்சாது. 12 நாள் எல்லாம் ஒன்றுமே இல்லை. என் இரண்டாவதுக்கு மஞ்சள் காமாலை, விளக்கு வெளிச்சத்தில் நான்கு நாள் கிடந்தாள், மூன்று வாரம் வரைக்கும் புட்டிதான், அப்புறம் ஒன்றரை வயது வரை என்னிடம்தான் குடித்தாள்.

அவன் ஏன் அலறுகிறான் தெரியுமா? புட்டியில் வாயை வைத்ததுமே பால் வந்துவிடும். மார்பில் ஒரு நிமிடம், சில நேரம் இரண்டு நிமிடம் உறிஞ்சினால்தான் பால் இறங்கும். அந்தப் பொறுமை அவனுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான், உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் பசி தலைக்கேறிய பிறகு வைக்காதே. கையை வாய்க்குக் கொண்டுபோகும்போதே தூக்கிவிடு. முதலில் புட்டியில் 15, 20 மில்லி கொடு, வயிற்று நெருப்பு கொஞ்சம் அடங்கட்டும், பிறகு மார்பில் வை. வைக்கும் முன் நீயே கையால் பீய்ச்சி இரண்டு சொட்டு காம்பில் நிற்கும்படி செய்துகொள். எனக்கு முதன்முதலில் சரியாகப் பிடித்தது அதிகாலை மூன்றரை மணிக்கு, அவள் பாதித் தூக்கத்தில் இருந்தபோது, விளக்குக்கூடப் போடவில்லை. பகலில் எப்போது வேண்டுமானாலும் அவனுக்குப் பேம்பர்ஸ் மட்டும் போட்டு உன் வெறும் மார்பில் படுக்க வைத்துக்கொள், குடித்தாலும் குடிக்காவிட்டாலும். ஏர்கான் ஓடினால் முதுகில் ஒரு துணி.

பம்பில் வருகிற 20 மில்லியைப் பார்த்துப் பயப்படாதே. பால் என்பது எடுக்க எடுக்கத்தான் ஊறும், எடுக்காமல் விட்டால் உடம்பு "தேவையில்லை போலிருக்கிறது" என்று குறைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது, மார்பிலோ பம்பிலோ, எடுத்தே ஆகவேண்டும். ராத்திரி ஒரு தடவையாவது கட்டாயம், பால் ஊற வைக்கிற ஹார்மோன் இரவில்தான் அதிகம். இன்னொன்று, உன் பம்ப்போடு வந்த, மார்பில் வைக்கிற புனல் என்ன அளவு? நிறைய பம்பில் 24 மில்லிமீட்டர் போட்டுத் தருகிறார்கள், நம்மில் பலருக்கு அது பெரிது. காம்பைச் சுற்றிய கருவட்டமும் நிறையச் சேர்ந்து உள்ளே இழுபட்டால் அளவு தப்பு, வலிக்கும், பாலும் வராது. காம்பின் குறுக்களவை ஸ்கேல் வைத்து அளந்து பார்.

சுவாசூகாங் புது அம்மா:

அக்கா, இப்போதுதான் பார்த்தேன், 24 தான்! வலிப்பது இயல்பு என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வார்டு தாதி:

நான் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள், இங்கே பொதுவாகத்தான் சொல்லமுடியும். சிசேரியன் ஆனவர்களுக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கும், முக்கியமாக இன்சுலின் போட்டவர்களுக்கும், சீம்பாலுக்குப் பிறகு பால் இறங்குவது ஓரிரு நாள் தள்ளிப் போகலாம். நீங்கள் பாலில்லாதவர் இல்லை, தாமதமாகத் தொடங்கியவர். மாமியாரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

பையன் எடை என்ன? 3.2 கிலோ என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்குச் சுமார் 150 மில்லி கணக்கில் 480 வரும், நீங்கள் கொடுப்பதும் அதேதான். வயிறு நிறைகிறவனை மாற்றுவது எளிது, அதனால் அவசரம் வேண்டாம். மார்பில் விழுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மொத்தத்தில் 30 மில்லி குறையுங்கள், இரண்டு மூன்று நாள் பாருங்கள். 24 மணி நேரத்தில் ஆறு பேம்பர்ஸாவது நன்றாகக் கனக்க வேண்டும், எடை ஏற வேண்டும். இரண்டும் சரி என்றால் இன்னொரு 30. எடையைப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வாரம் ஒருமுறை பாருங்கள், வீட்டுத் தராசில் அம்மாவோடு சேர்த்து நிறுத்துக் கழிப்பதெல்லாம் இந்த வயதில் நம்பக்கூடியது இல்லை. பேம்பர்ஸ் குறைந்தாலோ, பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ, உடனே பழைய அளவுக்குப் போய் டாக்டரைப் பாருங்கள்.

ஒரு தாய்ப்பால் ஆலோசகரை நேரில் பாருங்கள். கேகே மருத்துவமனையில் இருக்கிறார்கள், தாய்ப்பாலூட்டும் தாய்மாருக்கான தொண்டூழியக் குழுவும் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக இருக்கிறது. நாக்குக்கு அடியில் சவ்வு இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இன்னும் இரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், நச்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் பால் இறங்காது. தைராய்டும் ஒரு காரணம். வெந்தயத்தை மாத்திரையாக வாங்கி அள்ளிப் போடாதீர்கள், அது சர்க்கரையை இறக்கும். பால் ஊற டாம்பெரிடோன் என்ற மருந்தை யாராவது சொன்னால், அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, டாக்டர் எழுதித் தராமல் தொடக்கூடாது. உங்களுக்கான சர்க்கரைப் பரிசோதனை பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் வரும், பிள்ளை அமளியில் பாதிப்பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

சுவாசூகாங் புது அம்மா:

ரொம்ப நன்றி சிஸ்டர். எடை 3.2 தான், எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்! மார்பில் ஒட்டும் குழாய் என்று ஒன்று இருக்கிறதாமே, யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

பொங்கோல் அப்பா:

தாய்மார் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும், ஆனால் அந்தக் குழாயை எங்கள் வீட்டில் பிடித்தவன் நான்தான். நூடுல்ஸ் மாதிரி மெல்லிசான குழாய். ஒரு முனை பால்மாவு இருக்கும் புட்டியில், மறு முனை காம்பு நுனியோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டியிருக்கும். பிள்ளை மார்பை உறிஞ்சும்போது குழாய் வழியாகவும் பால் வரும், அதனால் பொறுமை இழக்காது, மனைவிக்கும் உறிஞ்சல் கிடைக்கும். புட்டியை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் மெதுவு. நான் கட்டிலோரம் நின்று லிஃப்ட் ஆப்பரேட்டர் மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பேன். முதல் இரண்டு நாள் டேப் கழன்று பால் முழுக்கப் போர்வையில். கழுவுவதுதான் பெரிய வேலை, குடித்து முடித்த உடனே ஊசிக்குழலால் சுடுநீர் செலுத்திவிடுங்கள், காய்ந்தால் தொலைந்தது. ஆலோசகரிடம் ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: 2025 ஏப்ரலிலிருந்து பிறந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அப்பாவுக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு இருக்கிறது, அதை இப்போது எடுக்கச் சொல்லுங்கள். பம்ப் கழுவுவது ஓர் ஆளின் முழுநேர வேலை.

தெம்பனிஸ் ரெட்டையர் அம்மா:

எல்லாரும் முழுசாக மாறிய கதையையே சொல்கிறார்கள், மாறாத கதை ஒன்று. எனக்கு ஆறு வாரம் பம்ப், குழாய், முருங்கைக்கீரை, எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கொடுத்த பப்பாளிக்காய் மீன் சூப், எல்லாம் ஆயிற்று. பாதிப் பால் என்னுடையது, பாதி பால்மாவு, அதற்கு மேல் ஏறவே இல்லை. அப்படியே ஒன்பது மாதம் ஓடியது. இரண்டும் கொழுகொழு. நடுராத்திரி மூன்று மணிக்குப் பம்ப்பைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் நிறுத்தி யோசி. புட்டி கொடுக்கும்போதும் நெட்டுக்குத்தாக உட்கார வைத்து, புட்டியைப் படுக்கை வாட்டில் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடு. அவசர அவசரமாகக் கவிழ்த்துக் கொடுத்தால் அந்த வேகத்துக்கே பழகிவிடுவான்.

சுவாசூகாங் புது அம்மா:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள், கைபேசி தொட நேரமில்லை. புனல் 19 தான் எனக்குச் சரி. மாற்றிய மறுநாளே 45 மில்லி, எனக்கே நம்பிக்கை வரவில்லை. நாக்குச் சவ்வு இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். குழாய் நான்கு நாள் போட்டோம், எனக்கு ஒத்துவரவில்லை, அதைத் தூக்கி வைத்துவிட்டு ஈசூன் அக்கா சொன்ன 20 மில்லி வழிக்கே வந்தேன். 19ஆம் நாள் அதிகாலையில் பிடித்தான். இப்போது ஒரு நாளைக்கு ஒரே ஒரு புட்டி, 90 மில்லி, சாயங்காலம் ஆறு மணிக்கு, அந்த நேரத்தில் மட்டும் பால் குறைவாகத் தெரிகிறது, அழுகிறான். எடை 4.5 கிலோ. அந்த ஒரு புட்டியை மாமியார்தான் கொடுக்கிறார், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்கிறார், எனக்கும் அந்த அரைமணி நேரம் குளிக்கக் கிடைக்கிறது, இருக்கட்டும். சர்க்கரைப் பரிசோதனையும் ஆயிற்று, சிஸ்டர், சரியாக வந்தது.

பம்ப்போடு கூடுதலாக வந்த 24 புனல் ஒரு ஜோடி உறை பிரிக்காமலே இருக்கிறது. சுவாசூகாங் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் யாருக்காவது அந்த அளவு வேண்டுமென்றால் சொல்லுங்கள், சும்மா தருகிறேன். ஆனால் முதலில் அளந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.