டபிள் கெப் கெனோப்பிக்கு எந்த முன்கண்ணாடி நல்லம்?

கல்லடியான்:
ஹைலக்ஸ் டபிள் கெப் பிக்கப்புக்கு கெனோப்பி, அதான் பின்தட்ட மூடுற கூடு, போடப்போறன். அதுல கெபினப் பாத்திருக்கிற முன்பக்கக் கண்ணாடி மூணு வகை சொல்றாங்க: அசையாதது, இழுத்துத் திறக்கிறது, உள்ளுக்கு மடக்கிறது. கெபின் பின்கண்ணாடி திறக்காது. கூட ஓடுறது வவுணதீவுப் பக்கம் வயலுக்கு. புழுதி சொல்லி வேலயில்ல. எத எடுக்க?

அக்கரைப்பற்றான்:
கெபின் கண்ணாடி திறக்காதெண்டா இழுக்கிறது எதுக்கு மச்சான்? ரெண்டும் திறந்து, நடுவுல ரப்பர் உறை போட்டாத்தான் ஏசி பின்னுக்குப் போகும். அசையாததப் போட்டுட்டு காச மிச்சம் புடி.

வாழைச்சேனை அண்ணன்:
தம்பி, மடக்கிறத எடுங்க. கெபினுக்கும் கெனோப்பிக்கும் நடுவில கை போகாது. புழுதி மாரி மழையில ஊறி அப்பிடியே கண்ணாடியில ஒட்டும், பின்னால வாற பஸ்ஸும் தெரியாது. மடக்கினா உள்ள இருந்தே ரெண்டு கண்ணாடியையும் துடைக்கலாம். உங்கட பக்கம் உப்புக்காத்து. பூட்டு, பிணைச்சல் ஸ்டெயின்லெஸ்ஸாக் கேளுங்க. ரப்பர் சீலையும் பாருங்க.

கல்லடியான்:
சாமான் ஏத்தியிருந்தா மடக்க ஏலுமாண்ணே?

வாழைச்சேனை அண்ணன்:
ஏலா. கண்ணாடி மடங்கி வாற அளவுக்கு உரமூட்டையத் தள்ளி அடுக்குங்க.

அக்கரைப்பற்றான்:
எத போட்டாலும் பின்கதவத் திறந்துபோட்டு ஓடாத. சைலன்ஸர் புகை உள்ளுக்கு இழுக்கும்.