சப்வூஃபரை எங்கே வைப்பது? 40 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு வழி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

14 அடி நீள வரவேற்பறையில், 5.1 ஆம்ப்ளிஃபயரின் (ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் இணைப்பது) எல்.எஃப்.இ. எனும் தாழ்ஒலி வெளியீட்டிலிருந்து 10 அங்குல சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கரை, இணைத்திருக்கிறேன். ஸ்பீக்கர்கள் அனைத்தையும் ‘ஸ்மால்’ என அமைத்து (அவற்றின் தாழ்ந்த ஒலிகள் சப்வூஃபருக்குப் போகும்), ஒலியைப் பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவரை ஆம்ப்ளிஃபயரில் 80 ஹெர்ட்ஸில் வைத்து, இரண்டு வடிகட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடாதிருக்கும் பொருட்டு சப்வூஃபரின் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட்டேன்.

படங்களின் வெடிச்சத்தத்தில் அவ்வளவாகத் தெரியாத குறை, பாட்டில் தெரிகிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி (ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ்) ஒலிக்கும்போது, பின்சுவரை ஒட்டிய சோஃபாவில் அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கி, ஷோகேஸ் கண்ணாடி நடுங்குகிறது. அறையின் நடுவில் நின்று கேட்டாலோ அதே சுரம் அநேகமாக மறைந்துவிடுகிறது. ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வருவதால், இது அறையில் எழும் நிலை அலையே (சுவர்களுக்கிடையே எதிரொலித்து, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் மங்கியும் நிற்கும் ஒலி) அன்றிக் கருவியின் குறையன்று என்று உறுதியாக நம்புகிறேன்.

சப்வூஃபரை முன் மூலையிலிருந்து நீண்ட சுவரின் நடுவுக்கு மாற்றுவதே முறை; ஆனால் அங்கே வாசல் இருக்கிறது. அந்தச் சுவரின் நீளத்தில் கால் பங்கு தூரத்துக்கு நகர்த்தினாலே போதிய பலன் கிடைக்குமா, அல்லது ஈக்வலைசரில் (ஒவ்வோர் அதிர்வெண்ணின் அளவையும் தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 40 ஹெர்ட்ஸைக் குறைப்பது மேலா? மேலும், ஆம்ப்ளிஃபயரின் தானியங்கி அளவீடு சப்வூஃபரின் 9 அடித் தூரத்தை 13 அடி என்று காட்டுகிறது. சப்வூஃபரின் உள்தாமதத்தையும் (ஒலி வெளிவர அதனுள் ஆகும் நேரம்) சேர்த்துக் கணக்கிட்டதாகக் கொண்டு அதை அப்படியே விட்டுவிடலாமா? இதே போன்ற அறையில் அமைத்துப் பார்த்தவர்கள் அன்புகூர்ந்து வழிகாட்ட வேண்டுகிறேன்.